மோட்டார் தோற்றதே இல்லை

1899 மே மாதம், நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவில் ஒரு டாக்ஸி ஓட்டுநரைச் சைக்கிளில் வந்த போலீஸ்காரர் விரட்டிப் பிடித்தார். மணிக்கு 12 மைல், அதாவது சுமார் 19 கிலோமீட்டர் வேகத்தில் போனது குற்றம். ஜேக்கப் ஜெர்மன் என்ற அந்த ஓட்டுநரைத்தான், அமெரிக்காவில் காரை வேகமாக ஓட்டிக் கைதான முதல் ஆள் என்று சொல்வார்கள். அவர் ஓட்டியது மின்சார டாக்ஸி.

அந்த டாக்ஸிகளை நடத்திய கம்பெனியின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். மின்கார் அடுத்த நூறு ஆண்டுகளில் பட்ட பாடு பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கிறது. பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹென்றி மோரிஸ், பெட்ரோ சலோம் இருவரும் 1894இல் ‘எலக்ட்ரோபேட்’ என்றொரு மின்வண்டியைச் செய்தார்கள். மூன்று வருடம் கழித்து நியூயார்க்கில் அவர்களுடைய டாக்ஸிகள் ஓடத் தொடங்கின. வண்டியை யாருக்கும் விற்கவில்லை, சவாரிக்குத்தான் காசு. பேட்டரி தீர்ந்த டாக்ஸி நிலையத்துக்குள் வந்து நிற்கும். ஹைட்ராலிக் இயந்திரம் நூற்றுக்கணக்கான கிலோ எடையுள்ள பேட்டரித் தொகுதியை வெளியே இழுத்துவிட்டு, சார்ஜ் ஏறிய இன்னொன்றை உள்ளே தள்ளும். சில நிமிடங்களில் வண்டி மறுபடி தெருவுக்குப் போய்விடும். இன்று நம் ஸ்டார்ட்அப் கம்பெனிகள் ‘பேட்டரி ஸ்வாப்பிங்’ என்று புதுமையாக விளம்பரப்படுத்துவது 1897ஆம் வருடத்துச் சமாச்சாரம்.

சிறிய அளவில் அந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு வில்லியம் விட்னி என்ற பெரும்பணக்காரர் உள்ளே வந்தார். முன்னாள் கடற்படை அமைச்சர், டிராம் கம்பெனிகளில் காசு பார்த்தவர். எலக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி என்ற பெயரில் அமெரிக்கப் பெருநகரங்கள் எல்லாவற்றிலும் ஆயிரக்கணக்கில் மின் டாக்ஸி விடப்போவதாக அறிவிப்பு வந்தது, பங்கு விலை ஏறியது. குதிரை வண்டி ஓட்டியவர்களை அரைகுறைப் பயிற்சியோடு ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தார்கள். பேட்டரியைச் சுத்தமாக வற்றும்வரை ஓட்டுவது, ஏனோதானோவென்று சார்ஜ் ஏற்றுவது என்றே காலம் போனது. ஈயத் தகடுகள் உதிர்ந்தன. அந்தச் சமயத்தில் கம்பெனி முறைகேடாகக் கடன் வாங்கியதை ‘நியூயார்க் ஹெரால்ட்’ பத்திரிகை அம்பலப்படுத்தியது. 1907இல் கம்பெனி திவாலானது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜார்ஜ் செல்டன் என்பவர் வைத்திருந்த பெட்ரோல் கார் காப்புரிமையை இதே கம்பெனி 1899இல் வாங்கிப் போட்டிருந்தது. பெட்ரோல் கார் செய்கிறவர்களிடம் ராயல்டி வசூலித்து மின்கார் கம்பெனி கொஞ்ச நாள் காலம் தள்ளியது. எதிர்த்து நின்ற ஹென்றி ஃபோர்டு 1911இல்தான் மேல்முறையீட்டில் வென்றார்.

இந்த வீழ்ச்சியில் மோட்டார் சரியில்லை என்று ஒருவரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. நொந்துபோனது பேட்டரி. அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆள் இல்லை, முதல் போட்டவர்களுக்குப் பொறுமையும் இல்லை. அதன்பிறகு மின்கார் விழுந்த ஒவ்வொரு முறையும் இந்த மூன்றில் ஏதாவது இரண்டைப் பார்க்க முடிகிறது.

அன்றைக்குப் போட்டி முடிவான ஒன்றாக இருக்கவில்லை. 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தயாரான 4,192 கார்களில் 1,681 நீராவியில் ஓடியவை, 1,575 மின்சாரத்தில் ஓடியவை. பெட்ரோல் கார்கள் 936 மட்டுமே. தரையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிய முதல் காரும் மின்கார்தான். 1899 ஏப்ரலில் பெல்ஜியத்துக்காரர் கமில் ஜெனாட்ஸி பாரிஸுக்கு வெளியே அதை ஓட்டிக் காட்டினார். மின்காருக்குக் கியர் மாற்ற வேண்டாம், முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றிக் கை முறிய வேண்டாம், புகை கிடையாது. பணக்கார வீட்டுப் பெண்கள் விரும்பி ஓட்டினார்கள். ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாராவே டெட்ராய்ட் எலக்ட்ரிக் கார்தான் வைத்திருந்தார்.

பிறகு ஏன் தோற்றது? பள்ளிக்கூடக் கணக்கு ஒன்று போட்டாலே பாதி புரிந்துவிடும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோ. அதற்குள் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. எஞ்சின் அதில் முக்கால் பங்கைச் சூடாகவும் புகையாகவும் வீணடித்தாலும், இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் சக்கரத்துக்கு வந்து சேரும். அதே வேலையை அந்தக் காலத்து ஈய-அமில பேட்டரியை வைத்துச் செய்ய வேண்டுமானால், மோட்டார் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் 80 கிலோவுக்கு மேல் பேட்டரியைச் சுமந்தாக வேண்டும். முக்கால் கிலோவுக்கு எதிராக 80 கிலோ! நகரத்துக்குள் சுற்றும்வரை இந்த வித்தியாசம் தெரியவில்லை. நகரத்தைத் தாண்டிச் சாலைகள் நீண்டபோது தெரிந்தது. 1901இல் டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் எண்ணெய் பீறிட்டது. 1908இல் 850 டாலருக்கு வந்த ஃபோர்டின் மாடல்-டி, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே போனது. மின்காரோ இரண்டாயிரம், மூவாயிரம் டாலரிலேயே நின்றது. அமெரிக்கக் கிராமங்களில் அப்போது மின்கம்பமே கிடையாது, மண்ணெண்ணெய் விற்ற கடையில் பெட்ரோல் டின் கிடைத்தது. 1912இல் கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்ததும் கைப்பிடி சுழற்றும் வேலையும் ஒழிந்தது. சின்ன பேட்டரியும் குட்டி மோட்டாரும் பெட்ரோல் காருக்குள் குடியேறி, மின்காரின் கடைசி வசதியையும் பறித்துக்கொண்டன.

எடிசன் சும்மா இருக்கவில்லை. ஈயத்தை விட்டுவிட்டு நிக்கலும் இரும்பும் கொண்ட பேட்டரி செய்வதாக நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறிவித்தார். முதலில் சந்தைக்கு விட்டவை ஒழுகின, திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டி வந்தது. பல ஆண்டு உழைத்துத் திருத்தினார். திருத்தியது நல்ல பேட்டரி, நீண்ட நாள் உழைத்தது. ஆனால் அது வந்து சேர்ந்தபோது மாடல்-டியும் தெருவுக்கு வந்திருந்தது. ஃபோர்டும் எடிசனும் சேர்ந்து மலிவான மின்கார் கொண்டுவரப் போவதாக 1914இல் எழுந்த பேச்சு பேச்சாகவே முடிந்தது.

அடுத்த ஐம்பது ஆண்டுகளில் சொல்ல அதிகமில்லை. இங்கிலாந்தில் விடியற்காலையில் வீடு வீடாகப் பால் போட்ட வண்டிகள் மின்சாரத்தில் ஓடின, கிடங்குகளில் ஃபோர்க்லிஃப்ட்கள் ஓடின. 1971இல் நிலவில் விண்வெளி வீரர்கள் ஓட்டிய வண்டியும் மின்வண்டிதான், அங்கே பெட்ரோல் எரியக் காற்று ஏது? 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் மின்கார் மறுபடி நினைவுக்கு வந்தது. முக்கோண வடிவில் ‘சிட்டிகார்’ என்ற பொம்மை போன்ற வண்டி சுமார் இரண்டாயிரம் விற்றது, மறைந்தது. அந்தக் காலத்தின் உண்மையான நிகழ்வு அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியான எக்ஸானின் ஆய்வுக்கூடத்தில் நடந்தது. ஸ்டான்லி விட்டிங்ஹாம் அங்கேதான் மறுபடி மறுபடி சார்ஜ் ஏற்றக்கூடிய லித்தியம் பேட்டரியைச் செய்து காட்டினார். எண்ணெய் விலை இறங்கியதும் எக்ஸானுக்கு அதில் ஆர்வம் போய்விட்டது. ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் 1980இல் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டு அதை மேம்படுத்தினார். ஜப்பானில் அகிரா யோஷினோ பாதுகாப்பான வடிவம் கொடுத்தார். 1991இல் சோனி கம்பெனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எதற்காக? கையடக்க வீடியோ கேமராவுக்காக. மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கிடைத்தது. மின்காருக்கு வேண்டிய பேட்டரியை உருவாக்கியதில் கார் கம்பெனிகளின் பங்கு ஏறக்குறைய இல்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு நடுவில்தான் மின்கார் வரலாற்றின் புகழ்பெற்ற கொலை வழக்கு வருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டத்தால் நொந்துபோன கலிபோர்னியா மாநிலக் காற்று வாரியம் 1990இல் ஒரு விதி போட்டது. பெரிய கார் கம்பெனிகள் 1998இல் அங்கே விற்பதில் 2 சதவீதமும் 2003இல் 10 சதவீதமும் புகையே விடாத கார்களாக இருக்க வேண்டும். இந்தத் துணிச்சல் வர ஜெனரல் மோட்டார்ஸே காரணம், அதே ஆண்டு ‘இம்பாக்ட்’ என்ற மாதிரி மின்காரை அது கண்காட்சியில் நிறுத்தியிருந்தது. அதன் வாரிசான இ.வி.1 1996இல் வந்தது. விற்பனைக்கு இல்லை, மாத வாடகைக்கு மட்டும். மொத்தம் 1,117 கார்கள் தயாராயின. ஓட்டியவர்கள் அதன்மேல் உயிரையே வைத்திருந்தார்கள். ஆனால் கம்பெனிகள் ஒருபுறம் காரை வாடகைக்கு விட்டுக்கொண்டே, மறுபுறம் விதியை எதிர்த்து நீதிமன்றம் போயின. வாரியம் படிப்படியாக இறங்கி வந்தது. 2003இல் விதி நீர்த்துப்போனதும் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களைத் திரும்பப் பெற்று, பெரும்பாலானவற்றை நசுக்கியது. விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறோம் என்று ஓட்டியவர்கள் கெஞ்சியும் பயனில்லை. 2005இல் பர்பாங்கில் நிறுத்தியிருந்த கார்களைக் காப்பாற்ற அவர்கள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ஆவணப்படம் இந்தக் கதையை உலகெங்கும் கொண்டுசென்றது.

கார் கம்பெனி, எண்ணெய்க் கம்பெனி, அரசு ஆகிய மூன்றும் கூடிச் செய்த சதி என்ற விளக்கம் அன்றிலிருந்து நிலைத்துவிட்டது. அதில் உண்மையின் பங்கு சிறியதல்ல. நிக்கல் உலோக ஹைட்ரைடு பேட்டரிக் காப்புரிமையில் தனக்கிருந்த பங்கை ஜெனரல் மோட்டார்ஸ் டெக்சகோ எண்ணெய்க் கம்பெனிக்கு விற்றது, அது செவ்ரானின் கைக்குப் போனது. ஆனாலும் சதிக்கதை ஒரு வகையில் வசதியான கதை. கெட்டவர்களை நீக்கிவிட்டால் மின்கார் அன்றே ஜெயித்திருக்கும் என்று அது நம்ப வைக்கிறது. முதல் இ.வி.1 ஈய-அமில பேட்டரியில் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான் ஓடியது. இரண்டிருக்கைக் காருக்கு அது அரை டன் பாரம். நிக்கல் பேட்டரி தூரத்தைக் கூட்டியது, விலையையும் கூட்டியது. யாரும் நசுக்காமல் விட்டிருந்தாலும் அந்தக் கார் பணக்காரர்களின் இரண்டாவது காராகவே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஜெனரல் மோட்டார்ஸ் செய்த பெரிய தவறு காரை நசுக்கியது அல்ல. அந்தக் காரைச் செய்து கற்ற பாடத்தோடு பேட்டரி ஆராய்ச்சியை விடாமல் தொடர்ந்திருக்கலாம், செய்யவில்லை.

இந்தியாவும் இந்தக் காலத்தில் கை வைத்துப் பார்த்தது. கேரளத்தின் சாலக்குடியில் ‘லவ்பேர்ட்’ என்ற இரண்டிருக்கை மின்கார் 1993இல் தயாரானது, அதிகம் விற்பனையாகாமல் போனது. 2001இல் பெங்களூரிலிருந்து சேத்தன் மைனியின் ரேவா வந்தது. ஈய-அமில பேட்டரி, 80 கிலோமீட்டர் தூரம். நம்மூரில் அதை வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம், வாங்கியவர்கள் குறைவு. லண்டனில் நெரிசல் கட்டணமும் பல இடங்களில் பார்க்கிங் கட்டணமும் இல்லை என்பதால் ‘ஜி-விஸ்’ என்ற பெயரில் அங்கே ஓரளவு விற்றது. சோதனையில் மோதிப் பார்த்தபோது அதன் பாதுகாப்பு பல்லிளித்தது, பத்திரிகைகள் கிழித்தன. 2010இல் மஹிந்திரா வாங்கியது. ரேவாவைக் கேலி செய்வது எளிது. டெஸ்லாவின் முதல் கார் வருவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே நம்மிடம் சாலையில் ஓடும் மின்கார் இருந்தது என்பதையும் அதை வளர்த்தெடுக்க இங்கே செல் தொழிற்சாலை ஒன்றுகூட இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கேலி தொண்டையில் சிக்கும்.

டெஸ்லாவை 2003இல் தொடங்கிய மார்ட்டின் எபர்ஹார்டும் மார்க் டார்பெனிங்கும் செய்த தந்திரம் எளிமையானது. காருக்கென்று தனி பேட்டரி வரக் காத்திருக்காமல், மடிக்கணினியில் போடும் விரல் அளவு லித்தியம் செல்கள் 6,831ஐ ஒன்றாகக் கோத்துவிட்டார்கள். 2008இல் வந்த ரோட்ஸ்டர் ஒரு சார்ஜில் ஏறக்குறைய 390 கிலோமீட்டர் ஓடியது. கேமராவுக்கும் கணினிக்கும் செல்போனுக்கும் கோடிக்கணக்கில் தயாரித்த பழக்கம்தான் அந்தச் செல்லை மலிவாக்கியிருந்தது. அதே காலத்தில் இஸ்ரேலில் ஷாய் அகாஸி தொடங்கிய ‘பெட்டர் பிளேஸ்’ நியூயார்க் டாக்ஸிகளின் பேட்டரி மாற்றும் யோசனையைப் புதுப்பித்தது. 80 கோடி டாலருக்கு மேல் முதலீடு திரட்டி, 1,500 கார்களைக்கூட ஓடவிடாமல் 2013இல் கடையைக் கட்டியது. ஒரே ஒரு கார் மாடலுக்கு மட்டும் பொருந்தும் பேட்டரி நிலையங்களை நாடு முழுக்கக் கட்டியதற்கு வேறு எந்த முடிவு வந்திருக்க முடியும்?

நிசானின் லீஃப் 2010 இறுதியில் வந்தது. பல நாடுகளில் நன்றாக ஓடிய அந்தக் கார் அமெரிக்காவின் அரிசோனா பாலைவன வெயிலில் சொதப்பியது. அதன் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லாததால் ஓரிரு கோடைகளிலேயே கொள்ளளவு குறைந்து, வாங்கியவர்கள் புகார் சொன்னார்கள். இலங்கை 2015இல் மின்கார்களுக்கு வரியைக் குறைத்தபோது ஜப்பானில் ஓடித் தேய்ந்த பழைய லீஃப் கார்கள் ஆயிரக்கணக்கில் கொழும்புத் தெருக்களுக்கு வந்தன. பிறகு வரி மறுபடி ஏறியது, சந்தை படுத்தது. வெயிலும் வரிக்கொள்கையும் மாறிமாறி அடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது.

வரி ஒரே பக்கமாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு நார்வே. அங்கே கதை ஒரு பாட்டுக் குழுவில் தொடங்குகிறது. 1989இல் ‘ஆ-ஹா’ இசைக்குழுவைச் சேர்ந்தவர்களும் பெல்லோனா என்ற சுற்றுச்சூழல் அமைப்பின் தலைவர் ஃப்ரெடெரிக் ஹௌகேயும் மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு ஃபியட் பாண்டாவை ஒஸ்லோவுக்குள் ஓட்டினார்கள். சுங்கச்சாவடியில் காசு கட்ட மறுத்தார்கள். அபராதம் குவிந்து, காரை அரசு பறிமுதல் செய்து ஏலம் விட்டது, ஏலத்தில் அவர்களே மறுபடி வாங்கினார்கள். அந்தக் கூத்தின் பின்னே சலுகைகள் ஒவ்வொன்றாக வந்தன: இறக்குமதி வரி விலக்கு, சுங்க விலக்கு, மதிப்புக்கூட்டு வரி விலக்கு, பேருந்துத் தடத்தில் போக அனுமதி. முப்பது ஆண்டுகளில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் இவற்றை ஒரேயடியாகப் பிடுங்கவில்லை. 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் 88.9 சதவீதம் முழு மின்கார்கள். அத்தனைக்கும் காசு வடகடலில் எடுக்கும் எண்ணெயிலிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நார்வேயைப் பார்த்து மற்ற நாடுகள் பெருமூச்சு விடலாம், அப்படியே பின்பற்ற முடியாது.

பின்பற்ற வேண்டிய பாடம் சீனத்தில் இருக்கிறது, அது அவ்வளவு அழகான பாடமும் இல்லை. ஜெர்மனியில் ஆடி கம்பெனியில் பொறியாளராக இருந்த வான் கான் 2007இல் சீனத்தின் அறிவியல் அமைச்சரானார். பெட்ரோல் எஞ்சினில் ஜெர்மனியையும் ஜப்பானையும் எட்டிப் பிடிக்க முடியாது, ஆகவே மின்காரில் முந்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் வாதம். 2009இலிருந்து மானியம் கொட்டினார்கள். அதில் ஓட்டைகள் ஏராளம். இல்லாத பேருந்துகளுக்குக் கணக்குக் காட்டி மானியம் வாங்கிய கம்பெனிகளை 2016இல் அவர்களுடைய நிதி அமைச்சகமே வெளிப்படுத்தியது. நூற்றுக்கணக்கான கம்பெனிகள் முளைத்தன, பெரும்பாலானவை மடிந்தன. பெய்ஜிங், ஷாங்காய் போன்ற நகரங்களில் பெட்ரோல் காருக்கு நம்பர் பிளேட் கிடைப்பதே குதிரைக்கொம்பு, மின்காருக்கோ எளிதாகக் கிடைத்தது. ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் தன் பதினாறாயிரம் சொச்சப் பேருந்துகளையும் மின்சாரத்துக்கு மாற்றியது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 2015இல் போட்ட ஒரு பட்டியல். அதில் இடம்பெற்ற பேட்டரியைப் போட்ட வண்டிக்குத்தான் மானியம். கொரியாவின் எல்ஜியும் ஜப்பானின் பானாசோனிக்கும் அதில் இல்லை. 2011இல் நிங்டே என்ற ஊரில் தொடங்கிய சிஏடிஎல் அந்த நிழலில் வளர்ந்து உலகின் மிகப் பெரிய பேட்டரிக் கம்பெனியானது. இன்னொரு பெரிய கம்பெனியான பிஒய்டி 1995இல் தொடங்கியபோது செல்போன் பேட்டரிதான் செய்தது, கார் பிறகு வந்தது. மற்றவர்கள் கார் செய்துகொண்டு பேட்டரியை வெளியே வாங்கினார்கள், பிஒய்டியின் நிறுவனர் வாங் சுவான்ஃபூ பேட்டரி செய்துகொண்டு அதற்கொரு கார் கட்டினார். ஐரோப்பா இந்த வித்தியாசத்தைத் தாமதமாகவே உணர்ந்தது. அங்கே சீனத்துக்குப் போட்டியாக வளர்த்த சுவீடனின் நார்த்வோல்ட் 2025இல் திவாலானது. அமெரிக்கா சீன மின்காருக்கு 100 சதவீத வரி போட்டுக் கதவைச் சாத்தியது, பிறகு 7,500 டாலர் வரிச்சலுகையையும் 2025 செப்டம்பரோடு நிறுத்தியது. கலிபோர்னியா 2003இல் செய்ததை நாடே ஒருமுறை செய்து பார்க்கிறது.

உலக அளவில் இப்போது நிலைமை என்ன? 2024இல் விற்ற மின்கார்கள், பெட்ரோலும் மின்சாரமும் கலந்து சார்ஜ் ஏற்றக்கூடியவற்றையும் சேர்த்து, 1 கோடியே 70 லட்சத்தைத் தாண்டின. விற்ற புதுக் கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல். அதில் சீனத்தில் மட்டும் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல். 2010இல் ஒரு யூனிட் மின்சாரம் சேமிக்கும் லித்தியம் பேட்டரி ஆயிரம் டாலருக்கு மேல் விற்றது, 2024இல் சராசரி 115 டாலர். முன்னால் போட்ட கணக்கை இன்றைய பேட்டரியை வைத்துப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலின் வேலைக்கு 80 கிலோ தேவைப்பட்ட இடத்தில் 17 கிலோ போதும். பெட்ரோலை இன்னும் எட்டவில்லை, எட்ட வேண்டிய அவசியமும் இல்லை. தினசரி 40 கிலோமீட்டர் ஓடும் காருக்கு இது தாராளம்.

விலை குறைந்ததற்கு ஒரு முக்கியக் காரணம் இரும்பு. கோபால்ட், நிக்கல் இரண்டையும் விட்டுவிட்டு இரும்பு பாஸ்பேட்டைக் கொண்டு செய்யும் எல்எஃப்பி செல்லை 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃப் குழு கண்டுபிடித்தது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அக்ஷய பதி என்ற இந்தியர். எடைக்கு எடை கொஞ்சம் குறைவாகவே சேமிக்கும். ஆனால் மலிவு, வெயில் தாங்கும், எளிதில் தீப்பிடிக்காது, ஆயிரக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். நம் தட்பவெப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இப்போதைக்கு இல்லை. காங்கோவின் கோபால்ட் சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்யும் கொடுமையிலிருந்தும் இந்தப் பேட்டரி விலகி நிற்கிறது. லித்தியத்தையே விட்டுவிட்டுச் சோடியத்தில் செய்யும் செல்லும் சந்தைக்கு வரத் தொடங்கிவிட்டது. திடநிலை பேட்டரி பற்றி ஒவ்வொரு வருடமும் ‘இன்னும் மூன்று வருடத்தில்’ என்று ஒரு செய்தி வருகிறது. எடிசனின் கதை தெரிந்தவர்கள் அதை ஷோரூமில் பார்த்த பிறகு நம்பலாம்.

மின்கார் புகையை அனல்மின் நிலையத்துக்கு இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான் என்ற வாதம் இந்தியாவில் அடிக்கடி கேட்கும். நம் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்து வருவதால் அது வெற்றுப் பேச்சும் அல்ல. தூய போக்குவரத்துக்கான சர்வதேசக் கவுன்சில் 2021இல் காரின் ஆயுள் முழுவதையும் கணக்கிட்டுப் பார்த்தது. பேட்டரி தயாரிப்பையும் சேர்த்தே, இந்தியாவில் ஓடும் நடுத்தர மின்காரின் கரிம உமிழ்வு பெட்ரோல் காரைவிட 19 முதல் 34 சதவீதம் குறைவு. ஐரோப்பாவில் இந்த வித்தியாசம் இரண்டு மடங்குக்கு மேல். ஆதாயம் உண்டு, ஆனால் தம்பட்டம் அடிக்கும் அளவுக்கு இல்லை. சூரிய மின்சாரம் கிடைக்கும் பகலில் சார்ஜ் ஏற்றினால் கூடும். நாம் சார்ஜ் ஏற்றுவதோ ராத்திரியில்.

இந்திய அரசின் இலக்குகளைப் பற்றி ஓரிரு வரிகள் போதும். 2013இல் வெளியிட்ட தேசியத் திட்டம் 2020க்குள் 60 முதல் 70 லட்சம் மின்வாகனங்களும் கலப்பின வாகனங்களும் ஓடும் என்றது. 2017இல் 2030க்குள் விற்கும் கார்கள் அனைத்தும் மின்கார் என்று அமைச்சர்கள் பேசினார்கள், பிறகு அது 30 சதவீதமாக இறங்கியது. 2017இலேயே அரசு அலுவலகங்களுக்காக 10,000 மின்கார் வாங்க டெண்டர் விட்டார்கள். வந்த கார்கள் எண்பது, எண்பத்திரண்டு கிலோமீட்டர்தான் ஓடுகின்றன என்று அதிகாரிகளே ஏற மறுத்தார்கள். 2020இல் டாடாவின் நெக்ஸான் வந்த பிறகுதான் தனிநபர்கள் வாங்கும்படி ஒரு கார் கிடைத்தது. 2024-25இல் நாட்டில் விற்ற கார்களில் மின்கார் ஏறக்குறைய 2.5 சதவீதம். 2025 செப்டம்பரில் சின்ன பெட்ரோல் கார்களின் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும், 5 சதவீதத்திலேயே நிற்கும் மின்காரின் விலைச் சாதகம் சுருங்கியது.

இதற்கு நேர்மாறாக, யாரும் திட்டமிடாத இடத்தில் மின்சாரம் ஜெயித்தது. டெல்லியிலும் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஓடும் ஈ-ரிக்‌ஷாக்களைத்தான் சொல்கிறேன். எடிசன் வெறுத்த அதே ஈய-அமில பேட்டரி, தகரக் கூரை, மணிக்கு 25 கிலோமீட்டர். முதலில் சட்டத்திலேயே அதற்கு இடமில்லை, பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். இன்று இந்தியாவில் விற்கும் மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் மின்சாரத்தில் ஓடுபவை. குறுகிய தூரம், தெரிந்த வழித்தடம், ராத்திரி முழுக்கச் சார்ஜ், பெட்ரோலைவிடக் குறைந்த செலவு: 1897இல் மோரிஸும் சலோமும் போட்ட கணக்கு இங்கே பலித்தது. தனியார் காருக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. சென்னையின் அடுக்ககங்களில் கீழ்த்தளத்தில் ஒரு சார்ஜ் பாயின்ட் போட சங்கத்தின் சம்மதம் வாங்குவதற்குள் கார் வாங்கும் ஆசையே போய்விடும். சொந்த வீடும் வாசலில் இடமும் உள்ளவர்களுக்கே இப்போதைக்கு மின்கார் முழு வசதி. ஊருக்குப் போகும் வழியில் சார்ஜர் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருக்கும் சார்ஜர் வேலை செய்கிறதா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை தொழிற்சாலைக் கணக்கு பிரமாதம். ஓசூரில் டிவிஎஸ், ஏதர், போச்சம்பள்ளியில் ஓலா, ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாயின் க்ரெட்டா எலக்ட்ரிக், 2025 ஆகஸ்டில் திறந்த தூத்துக்குடி வின்ஃபாஸ்ட். ஆனால் இந்தியாவில் ஓடும் மின்வண்டிகளின் லித்தியம் செல்கள் ஏறக்குறைய அனைத்தும் இறக்குமதி, பெரும்பகுதி சீனத்திலிருந்து. இங்கே நடப்பது செல்லை அடுக்கிப் பெட்டிக்குள் வைக்கும் வேலை. 2023இல் ஜம்முவின் ரியாசியில் 59 லட்சம் டன் லித்தியத் தாது இருப்பதாக அறிவித்ததும் தலைப்புச் செய்தி பறந்தது. ஏலம் விட்டபோது போதிய ஆட்கள் வரவில்லை, ரத்தானது. 2025 ஏப்ரலில் சீனம் மோட்டாருக்குள் இருக்கும் அருமண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டபோது நம் இருசக்கர வண்டித் தொழிற்சாலைகளே திணறின. நூறு வருடம் குறை சொல்ல முடியாமல் இருந்த மோட்டாருக்கும் இப்போது கழுத்தில் கயிறு விழுந்திருக்கிறது.

செல் தயாரிப்புக்காக மத்திய அரசு 2021இல் 18,100 கோடி ரூபாய் ஊக்கத்தொகையும் 50 கிகாவாட் மணி இலக்கும் அறிவித்தது. கிருஷ்ணகிரியில் ஓலா தொடங்கியிருக்கும் உற்பத்தி அதில் ஒரு துளி. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இலிருந்து இயங்குகிறது. லித்தியம் செல் தொழில்நுட்பத்தை உருவாக்கி 2018இல் ஒரு தனியார் கம்பெனிக்குக் கைமாற்ற ஒப்பந்தமும் போட்டது. ஆய்வகத்தில் அறிவு இருந்தும் தொழில் பெருகாததற்குக் காரணம், முதல் சில ஆண்டுகளின் விலை உயர்ந்த செல்லை நம்பிக்கையோடு வாங்க ஆள் இல்லாததே. சீனத்தில் அந்த ஆள் அரசுப் பேருந்துக் கழகம். சென்னையில் 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின் பேருந்துகள் ஓடத் தொடங்கின, மேலும் நூற்றுக்கணக்கில் கொண்டுவருவது திட்டம். பேருந்துக்கு வேகம் வேண்டாம், எடையும் பெரிய பிரச்சினை இல்லை, தினமும் ஒரே பணிமனைக்குத் திரும்புகிறது. இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு இதைவிட நல்ல முதல் வாடிக்கையாளர் கிடைக்காது. அடுத்த டெண்டரில் ஒரு பங்குப் பேருந்துகளாவது இங்கே செய்த செல்லோடு வர வேண்டும் என்று மாநில அரசு ஒரு நிபந்தனை சேர்க்கலாம். ஷென்சென் பத்து வருடத்துக்கு முன் செய்ததற்கு அது ஈடாகாது. ஆனால் முடியக்கூடிய காரியம் அது.